இருபத்து நாலாவது ஆள்

முருகன் துணை

திருத்தணி,
18-1-1981.

பாவாவுக்கு அம்சா எழுதுவது.

நானும் அம்முவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். பஹ்ரைனில் உங்கள் உடம்பும் அப்படியே இருக்க வேண்டும் என்று மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். பொங்கலுக்கு பிளவுஸ் தைக்கக் கொடுத்தவர்கள் எல்லாம் வாங்கிப் போய்விட்டார்கள். தையல் மெஷினுக்கும் எனக்கும் இன்றைக்குத்தான் ஓய்வு.

உங்கள் அறையில் தங்கியிருக்கும் ஜம்புலிங்கம் அண்ணன் லீவில் வந்து, நீங்கள் கொடுத்தனுப்பிய சாமான்களைச் சேர்த்துவிட்டார். புடவை நன்றாக இருக்கிறது. டார்ச் லைட்டை உங்கள் அண்ணன் பொதட்டூர்பேட்டைக்கு எடுத்துப் போய்விட்டார். தறிக்குழிக்குள் எலி பார்க்க வேண்டுமாம். மூத்த பாவா கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்?

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். ஜம்புலிங்கம் அண்ணன் கையில் பெட்டியோடு வாசலில் வந்து நின்றதும், அம்மு ஓடிப்போய் "நைனா" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டாள். பாவம், அந்த மனிதர் பெட்டியைக் கீழே வைக்கவும் முடியாமல், குனிந்து அவளைத் தூக்கவும் முடியாமல் தவித்தார். "நான் நைனா இல்ல கண்ணு, உன் நைனா நாகராஜண்ணன் வந்துகினே இருக்காரு" என்று அவளுக்குச் சொன்னார். நான் சமையற்கட்டுக்குள் போய்விட்டேன். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் என் வயிற்றில் இருக்கும்போது நீங்கள் விமானம் ஏறினீர்கள். இப்போது இரண்டே கால் வயது. பெட்டி தூக்கி வரும் ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் அவளுக்கு நைனாதான்.

அந்தச் சின்ன அட்டைப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் வெள்ளைக்கார இஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்தது என்றும், அம்மு விளையாடட்டும் என்று நீங்கள் அனுப்பியது என்றும் அண்ணன் சொன்னார். திறந்து பார்த்தீர்களா, இல்லையா? மூடியில் ஒரு ரயில்வே பிளாட்பாரப் படம், அதில் வண்ண வண்ணமாய் ஜனங்கள். உள்ளே பஞ்சில் பொதிந்து இருபத்து நான்கு ஈய மனிதர்கள். ஒவ்வொருவரும் என் சுண்டு விரலின் மேல் கணு அளவுதான். ஒருவருக்கும் வண்ணம் இல்லை. மண்டை முதல் செருப்பு வரை வெறும் சாம்பல் நிறம். வாங்குகிறவர்களே பூசிக்கொள்ள வேண்டுமாம். பக்கத்து வீட்டு ஹைஸ்கூல் வாத்தியாரிடம் காட்டினேன். எந்த இடத்துக்கு எந்த வண்ண டப்பா என்று பெட்டியின் அடியில் பதின்மூன்று எண்கள் போட்டிருக்கிறதாம். அத்தனையும் அவர்கள் நாட்டு டப்பா. "இதெல்லாம் மெட்ராஸ்லயே கிடைக்காதும்மா. ஈயம் வேற, குழந்த வாயில போட்டுகினா ஆபத்து. தூக்கிப் பரண்ல போடு" என்றார்.

பரணில்தான் வைத்திருக்கிறேன், அம்முவுக்கு எட்டாது. ஆனால் போட்டுவிடவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் அந்த ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவள், கொடி பிடித்த ஸ்டேஷன் மாஸ்டர், நாயோடு ஒருவன், கூலிக்காரர்கள் இருவர். ஒரு மனிதர் வலது கையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். நான் கீழே குனிந்து காட்டியதும் அம்மு அவரைத்தான் தொட்டு "நைனா" என்றாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இந்த இருபத்து நான்கு பேருக்கும் நான் வண்ணம் பூசப் போகிறேன். ஒரு பலகையில் நம் திருத்தணி ஸ்டேஷனைச் செய்து, எல்லாரையும் நிற்கவைத்து, இத்தனை கூட்டத்தில் எது நைனா என்று அம்முவுக்குக் காட்டப் போகிறேன். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தவளுக்கு இது வராமல் போய்விடுமா?

கடைசியாக ஒன்று. அம்முவின் முடி முதுகு வரை வந்துவிட்டது. எனக்குக் கூடப் பிறந்தவன் இல்லை, மாமன் மடியும் இல்லை. "நான் வந்து மடியில உக்கார வெச்சிக்கிற வரைக்கும் கத்தி படக்கூடாது, சீப்புல வர்ற முடியக்கூட மஞ்சத் துணியில முடிஞ்சி வை" என்று நீங்கள் போட்ட உத்தரவுப்படி எல்லாம் நடக்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு லீவு உண்டு என்றீர்கள். மூன்று வயது முடிவதற்குள் இறக்கிவிட வேண்டும். அதை மட்டும் மறக்காதீர்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
அம்சா


திருத்தணி,
15-3-1981.

பாவாவுக்கு,

உங்கள் பிப்ரவரிக் கடிதம் வந்தது. உங்கள் கையால் எழுதியதை நான்கு தடவை படித்தேன். "சரிவராவிட்டால் தூக்கிப் போடு, இதற்காக அலையாதே" என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை இவ்வளவுதான் தெரிந்துகொண்டீர்களா?

அலைந்த கதையைக் கேளுங்கள். முதலில் இரும்புக் கடை. மாட்டுக் கொம்புக்கும் வாசல் கதவுக்கும் அடிக்கிற பெயிண்ட் பச்சை, சிவப்பு, கறுப்பு என்று மூன்றே மூன்று இருந்தது. பெரிய டப்பாவைத் தவிர வேறு இல்லை. பிறகு, லாரிக்கு நம்பர் எழுதும் பெருமாளிடம் போனேன். தூரிகையைக் காதில் சொருகிக்கொண்டு பொம்மையை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். "லாரி எழுதற ஆளாண்ட வந்து கொசுவுக்குச் சட்டை கேக்கிறியேம்மா" என்று சிரித்தார். சிரித்தாலும் டப்பாக்களின் அடியில் கிடந்ததை வழித்து நான்கு சிரட்டையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரு பூச்சுப் பூசினேன். கண், மூக்கு, பொத்தான் எல்லாம் மூழ்கிப் போய் மனிதர் வெந்த சேப்பங்கிழங்கு மாதிரி ஆகிவிட்டார். மண்ணெண்ணெய் ஊற்றி நீர்க்க வைத்தால் ஒரு வாரம் ஆனாலும் காயவில்லை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

அடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வண்ண வில்லை. அது ஈயத்தின் மேல் நிற்காமல் தண்ணீராக வழிந்தது. ஒட்டவைக்க என்ன செய்வது என்று யோசித்தேன். தறியின் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் வீட்டில் பிறந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? அரிசிக் கஞ்சியை வடிகட்டி அதில் வண்ணத்தைக் குழைத்தேன். என்ன அழகாகப் பிடித்துக்கொண்டது தெரியுமா! ஒரே வாரத்தில் ஒன்பது பேரை முடித்தேன். கூலிக்காரர்களுக்குச் சிவப்புச் சட்டை, பிள்ளைக்காரிக்கு மாம்பழ நிறப் புடவை. பெருமையோடு பரணில் ஏற்றிவைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை திறந்து பார்த்தால் ஒன்பது பேருக்கும் முகம் இல்லை. கரப்பான்பூச்சி கஞ்சியைச் சுத்தமாகச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது. கூலிக்காரனுக்குச் சட்டையில் பாதி போயிருந்தது. முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு மறுபடியும் சிரித்தேன். அம்முவுக்கு ஒன்றும் புரியாமல் அவளும் சேர்ந்து கை தட்டினாள்.

உங்கள் அண்ணி ரத்தினம்மா அக்கா அன்றைக்கு வந்திருந்தார். "கஞ்சியில மயில்துத்தம் போடலியா? பாவுக்கே போடுவமே, பூச்சி வராம?" என்றார். அட, இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். மயில்துத்தம் போட்டுக் குழைத்தேன். பூச்சி வரவில்லை, வாஸ்தவம்தான். ஆனால் எல்லார் முகமும் பச்சையாகிவிட்டது. வாந்தி எடுக்கப் போகிறவர்கள் மாதிரி ஒன்பது பேர் வரிசையாக நின்றார்கள். அக்கா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. போகும்போது, "ஆம்பள பாலைவனத்துல கஷ்டப்பட்டுகினு கிறான், இவ ஈயத்துக்குச் சேலை கட்டிகினு கிறா" என்று தெருவில் யாரிடமோ சொல்லிவிட்டும் போனார். சொல்லட்டும்.

நான் விடவில்லை. ஸ்டேஷனில் ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் செங்கல் நிறத்தில் ஒன்றைப் பூசிக் காயவிட்ட பிறகுதான் பச்சை அடித்தார்கள். நின்று கேட்டேன். ரெட் ஆக்சைடாம். "அது இல்லாம இரும்பு மேல எது பூசினாலும் கக்கிடும்மா" என்றார் அந்த ஆள். கிரில் பட்டறையில் ஒரு சிரட்டை ரெட் ஆக்சைடு வாங்கி, நீர்க்க ஆக்கி, துணியால் ஒற்றி எடுத்தேன். அதன் மேல், நாட்டு மருந்துக் கடை வேலம்பிசினை ஊறவைத்து அதில் வண்ணம் குழைத்துப் பூசினேன். விளக்குக் கரி, காவிக்கல், சுண்ணாம்பு, துணிக்குப் போடும் நீலம் என்று வீட்டில் இருப்பதே பாதி வேலைக்குப் போதும். இரண்டு வாரமாகிறது. வழியவில்லை, உரியவில்லை, பூச்சியும் கிட்ட வரவில்லை. இந்தக் கடிதம் எழுதும் இப்போது நான்கு பேர் முழுச் சட்டையோடு நிற்கிறார்கள்.

அம்மு நலம். முடியில் பேன் வந்து எடுத்துவிட்டேன். ஆடிக்கு இன்னும் நான்கு மாதம்தான் என்று அவளிடம் தினமும் சொல்கிறேன். அவளுக்கு நான்கு என்றால் என்ன, நாற்பது என்றால் என்ன. எனக்காகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள்
அம்சா


திருத்தணி,
17-5-1981.

பாவாவுக்கு,

ஏழு வாரம் ஒரு வரியும் இல்லாமல், இப்போது ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதுவும் உங்கள் எழுத்தில் இல்லை. இரண்டு ஷிப்டு வேலை, எழுத நேரமில்லை, அதனால் அறையில் இருக்கும் சிவப்பிரகாசம் அண்ணனை விட்டு எழுதச் சொன்னேன் என்று போட்டிருக்கிறது. அவர் எழுத்து முத்து முத்தாகத்தான் இருக்கிறது. ஆனால் பெண்டாட்டிக்கு எழுதுகிற கடிதத்தை ஊரார் எழுதினால் நான் எதை என்று திருப்பி எழுதுவது? கையெழுத்து மட்டும் நீங்கள் போட்டிருக்கிறீர்கள். அதையும் காயவிடவில்லை. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மை இழுபட்டுக் கிடக்கிறது. அவ்வளவு அவசரமா?

நான்கு பேர் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் கிடைத்தது. இளைத்திருக்கிறீர்கள். சிவப்பிரகாசம் அண்ணன் முதுகுக்குப் பின்னால் கை போட்டு நிற்கிறீர்கள், அவ்வளவு சிநேகம் போலிருக்கிறது. கறுப்புக் கண்ணாடியை ஏன் மாட்டிக்கொண்டீர்கள்? முகமே தெரியவில்லை. நான் எதைப் பார்த்து உங்கள் முகத்தை எழுதுவது?

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தைச் சொல்கிறேன். இருபத்து நான்கு பேரில் பதினான்கு பேர் முடிந்துவிட்டார்கள். இதில் ஆறு பேர் தலையில் தொப்பி வைத்த துரைகள். தொப்பிக்கு என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். நம் ஸ்டேஷனில் தொப்பி வைத்தவர் யார் வருகிறார்? மெஷினுக்கு எண்ணெய் போடும்போது தோன்றியது. சின்ன அரத்தை எடுத்துத் தொப்பியை எல்லாம் ராவித் தள்ளிவிட்டேன். உள்ளே உருண்டையாகத் தலை வந்தது. அதன் மேல் மலையிலிருந்து கொண்டுவந்த சந்தனத்தையே பிசினில் குழைத்துப் பூசினேன். ஆறு துரைமாரும் மொட்டை போட்டுச் சந்தனம் பூசி அரக்கோணம் வண்டிக்கு நிற்கிறார்கள். கவுன் போட்ட அம்மாக்களுக்கு, மரவேலைக்காரர்கள் ஓட்டை அடைக்கும் லப்பத்தைக் கால் நடுவில் அப்பிப் புடவையாக்கிவிட்டேன். பெருமாள் வந்து பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. ஒரு மொட்டையைக் கையில் எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம ஊர் ஜனந்தாம்மா" என்றார்.

கண் எழுதத் தூரிகைதான் அகப்படவில்லை. பெருமாளிடம் இருப்பதில் மிகச் சிறியதே இவர்களுக்கு விளக்குமாறு. கரண்ட் கம்பியில் அடிபட்டு விழுந்த அணிலின் வால் முடியைக் கோழி இறகுக் குழாயில் கட்டிப் பார்த்தேன். புடவைக் கரை போட வந்தது, கண்ணுக்கு வரவில்லை. மலைக்குப் போயிருந்தபோது, முடி எடுக்கும் நாவிதர் சேட்டு என்பவரிடம் கைக்குழந்தை முடியில் நான்கு இழை கேட்டேன். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "இங்க கீழ விழறது பூரா சாமி சொத்தும்மா, ஒண்ணு எடுத்தாலும் ஏலக்காரன் கேப்பான்" என்றார். ஆனால் மனிதர் நல்லவர். ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார். "கத்தி படாத முடிக்குத்தான் ஊசி மாரி நுனி இருக்கும். ஒரு தபா வெட்டிட்டா அப்பால நுனி ஏது, எல்லாம் கட்டதான். உன் வூட்லயே கீதே அந்த மாரி முடி."

இருக்கிறது. மஞ்சள் துணியில் முடிந்திருக்கிறது. அதுவும் நேர்ந்துவிட்ட முடிதானே என்று இரண்டு நாள் தயங்கினேன். பிறகு மலையைப் பார்த்து நின்று பேசிவிட்டேன். முருகா, உன் முடியில் ஏழு இழை கடன் வாங்குகிறேன், முடி இறக்கும் அன்றைக்கு இந்தத் தூரிகையையும் சேர்த்து உன் உண்டியலில் போட்டுவிடுகிறேன் என்று. ஏழு இழையைக் கட்டி, நனைத்து, உதட்டில் வைத்து உருட்டினேன். நுனி ஒன்றாகச் சேர்ந்து ஒரே புள்ளியாக நின்றது. பதினான்கு பேருக்கும் அன்றைக்கே கண் வந்தது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

இனி கோபம். "லீவு நிச்சயமில்லை, என்னை எதிர்பார்க்க வேண்டாம், அண்ணன் மடியில் உட்காரவைத்து மொட்டையை முடித்துவிடு" என்று எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். கத்தி படக்கூடாது என்று சொன்ன வாய்தானா இது? மூத்த பாவா வந்து, "என்னாம்மா, நான் உக்காரட்டா?" என்று நல்லவிதமாகத்தான் கேட்டார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான். இருந்தாலும் என் பதில் அதுதான். அம்மு உங்கள் மடியில்தான் உட்காருவாள்.

அங்கே என்ன நடக்கிறது? லீவு கொடுக்கவில்லையா, நீங்கள் கேட்கவில்லையா?

உங்கள்
அம்சா


திருத்தணி,
28-6-1981.

பாவாவுக்கு,

இந்தக் கடிதத்தை நீங்களே பிரித்து நீங்களே படியுங்கள். சிவப்பிரகாசம் அண்ணன் பக்கத்தில் இருந்தால், உங்களுக்கு ஒரு கும்பிடு, கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வாருங்கள் அண்ணா என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

போன மாதக் கடைசியில் கல்யாண பிளவுஸ் அவசரத்தில் தைத்துக்கொண்டிருந்தேன். மெஷின் ஊசி என் வலது கட்டைவிரல் நகத்தில் இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. பயப்பட வேண்டாம், ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கட்டுக் கட்டினார்கள். இப்போது ஆறிவிட்டது. ஆனால் இரண்டு வாரம் அந்தக் கையால் ஒன்றையும் பிடிக்கக்கூடாது என்றார்கள். தையலை நிறுத்திவிட்டேன். பொம்மையை நிறுத்த மனம் வரவில்லை. பத்துப் பேர் பாக்கி, ஆடிக் கிருத்திகை வேறு நெருங்குகிறது. தூரிகையை இடது கையில் எடுத்தேன்.

முதல் நாள் நான் பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. கோடு போடச் சொன்னால் கை குழி தோண்டியது. இரண்டாம் நாள் அழுகையாக வந்தது. பொம்மைக்கு முன்னால் காகிதத்தில் பழகலாம் என்று, மையைத் தொட்டு என் பெயரை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்து முடிந்ததும் என் உள்ளங்கை அதன் மேலேயே நகர்ந்து போயிற்று. பெயர் முழுவதும் இழுபட்டுக் கிடந்தது.

அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் பாவா. பிறகு எழுந்துபோய் உங்கள் கடிதத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். அப்போதுதான் புரிந்தது. வலது கையால் எழுதுகிறவனுக்குக் கை எழுத்துக்கு முன்னால் போகும். எழுதியதன் மேலேயே கை போவது இடது கையால் எழுதும்போதுதான். படத்தையும் எடுத்துப் பார்த்தேன். மற்ற மூன்று பேரும் கையைத் தொங்கவிட்டு நிற்கிறார்கள். உங்கள் வலது கை மட்டும் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. சிநேகம் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல! சிவப்பிரகாசம் அண்ணன் கடிதத்தின் ஓரத்தில், "அவர் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், கவலை வேண்டாம்" என்று சேர்த்திருக்கிறாரே, அதையும் மறுபடி படித்தேன். திடமாக இருக்கிற ஆளைப் பற்றி யாரும் அப்படி எழுத மாட்டார்கள்.

அந்த வலது கைக்கு என்ன ஆயிற்று, மெஷினா, கம்பியா, எப்போது நடந்தது, எத்தனை விரல், ஒன்றையும் நான் கேட்கவில்லை. வந்து சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். சொல்லாவிட்டாலும் போகிறது. அன்றைக்கு அம்முவை அணைத்துக்கொண்டு நன்றாக அழுதேன், அதை மறைக்க மாட்டேன். நீங்கள் தனியாகக் கிடந்து வலியைத் தின்ற அந்த ஏழு வாரமும் நான் இங்கே கடிதம் வரவில்லையென்று உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் கோபமும் வந்தது. என்னிடமா மறைப்பது? விரல் போன ஃபிட்டரை இந்த ஊர் என்ன சொல்லும் என்று அங்கேயே இருந்துவிடலாம் என்று பார்க்கிறீர்களா? அதற்குத்தான் மூத்த பாவா மடியா?

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். கட்டுப் பிரிக்கும்வரை பதினான்கு நாள் நான் இடது கையால்தான் வண்ணம் பூசினேன். ஐந்தாம் நாள் கோடு நேராக வந்தது. ஒன்பதாம் நாள் ஸ்டேஷன் மாஸ்டருக்கு இடது கையாலேயே கண் எழுதினேன். வலது கையால் எழுதிய மொட்டைக்காரர் கண்ணையும் இதையும் பெருமாளிடம் காட்டி எது எந்தக் கை என்று கேட்டேன். அவர் தப்பாகச் சொன்னார். பதினான்கு நாளில் எனக்கு வந்ததென்றால் உங்களுக்கு வராதா? ஸ்பேனர் என்ன, கண்ணைவிடச் சின்னதா?

இருபத்து மூன்று பேர் முடிந்துவிட்டார்கள். பலகைக்குச் சுண்ணாம்பு அடித்து, பின்னால் மலையை எழுதி, திருத்தணி என்று போர்டும் வைத்துவிட்டேன். எல்லாரும் அவரவர் இடத்தில் நிற்கிறார்கள். அம்மு தொடாமல் பார்க்கப் பழகிவிட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, ஒவ்வொருவரையும் விசாரிக்கிறாள். ரத்தினம்மா அக்கா போன வாரம் வந்து ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "அந்தக் கொடியிடைக்காரி நான்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இனிமேல் அவர் என்னைப் பற்றித் தெருவில் ஒன்றும் சொல்ல மாட்டார்.

இருபத்து நாலாவது ஆள் பெட்டிக்காரர். அவருக்குச் சட்டை, பேண்ட், செருப்பு எல்லாம் போட்டாகிவிட்டது. முகம் மட்டும் எழுதவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட படத்தைப் பார்த்து நான் எழுத மாட்டேன். நேரில் பார்த்துத்தான் எழுதுவேன். தூரிகையோ ஆடிக் கிருத்திகையன்று முருகனுக்குப் போய்ச் சேர வேண்டியது. வாக்குக் கொடுத்துவிட்டேன், ஒரு நாளும் தள்ளிப்போட முடியாது. அதனால் நீங்கள் ஒரு நாள் முன்னதாகவே வந்தாக வேண்டும். பம்பாயில் இறங்கி ரயில் ஏறினால் அரக்கோணம். அங்கிருந்து நம் ஊர் எவ்வளவு தூரம்? நானும் அம்முவும் ஸ்டேஷனில் நிற்கிறோம்.

ஊரை நினைத்துக் கூச வேண்டாம். முடி இறக்க ஒரு மடிதான் வேண்டும். கத்தி பிடிக்கிற கை சேட்டுவுடையது.

நேற்று ஒரு வேலை செய்தேன். பெட்டிக்காரரை எடுத்து, பிளேடால் மெதுவாக அறுத்து, வலது கையிலிருந்து பெட்டியைப் பிரித்தேன். பிடியோடு விரலும் சேர்ந்து வந்துவிட்டது. அதைத் திரும்ப ஒட்டவில்லை. அந்தக் கையை அப்படியே விட்டு வழுவழுப்பாகத் தேய்த்து வண்ணம் பூசிவிட்டேன். பெட்டியைத் தபாலாபீஸ் அரக்கில் ஒரு சொட்டு வைத்து இடது கையில் ஒட்டினேன். முதலில் அந்தப் பக்கமாகச் சாய்ந்தார். காலடியில் துளி லப்பம் வைத்தேன். இப்போது விழாமல் நேராக நிற்கிறார். இன்று காலையில் அம்மு வந்து பார்த்தாள். பெட்டி கை மாறியிருப்பது அவள் கண்ணில் படாமல் இருக்குமா? சற்று நேரம் பார்த்துவிட்டு, "நைனா" என்றுதான் சொன்னாள்.

மலைமேல் இருப்பவன் உங்களைப் பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாருங்கள்.

தூரிகையைக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருக்கும்
உங்கள்
அம்சா